டர்பனில் இறங்க வந்த விமானம் திடீரென்று மேலே ஏறிவிட்டது: மிட்ராண்ட் வாசகிக்குப் பதில்

கேள்வி: அண்ணா, நாலு வருஷமாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலி. அக்கா குடும்பம் டர்பனில் இருப்பதால் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை அங்கே போய்வருவோம். போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிங் ஷாக்கா விமான நிலையத்தில் இறங்கப் போகும்போது, கீழே கரும்புத் தோட்டத்தில் நின்ற டிராக்டர்கூடத் தெளிவாகத் தெரிந்த நேரத்தில், இன்ஜின் அலறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானம் மேலே போய்விட்டது. ஜன்னலில் பார்த்தால் கீழே ரன்வேயில் இன்னொரு விமானம். அஞ்சு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கேப்டன், முன்னால் இறங்கிய விமானம் விலகத் தாமதமானது என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார் ஆப்பில் போட்டுப் பார்த்தார், ரெண்டு விமானப் படமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் நூலிழையில் தப்பினீர்கள் என்கிறார்கள். ஆறு வயசுப் பையன் வீட்டுக்கு மேலே எந்த விமானம் போனாலும் "அது இடிக்குமா அம்மா" என்று கேட்கிறான். ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, ஊரிலிருந்து வரும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக டிக்கெட் போட்டிருக்கிறோம். கேன்சல் பண்ணிவிட்டுக் காரிலேயே போய்விடலாமா? எத்தனை மீட்டரில் தப்பினோம் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேண்டாம். அன்றைக்கு நீங்கள் எதிலிருந்தும் நூலிழையில் தப்பவில்லை. ஓடுபாதை காலியாகவில்லை, அதனால் பைலட் இறங்கவில்லை. இப்படி இறங்காமல் மறுபடி ஏறிச் சுற்றி வருவதற்கு எங்கள் தொழிலில் கோ-அரவுண்ட் என்று பேர். இருபது வருஷத்துக்கு மேல் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்து, இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்திய ஆள் நான். எத்தனை கோ-அரவுண்ட் பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

எத்தனை மீட்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த விமானத்தின் பதிவு என் கையில் இல்லை, ஆனால் நீங்கள் பார்த்த டிராக்டரை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். இறங்க வரும் விமானம் சாதாரணமாக 3 டிகிரி சரிவில் வரும், அதாவது ஒரு கடல் மைல், நம் கணக்கில் 1.85 கிலோமீட்டர், போவதற்குள் சுமார் 300 அடி இறங்கும். டிராக்டர் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்றால் உயரம் 300 அடி என்றே வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் ஓடுபாதையின் விளிம்புக்கே இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி இருக்கும். கிங் ஷாக்காவின் ஓடுபாதை 3,700 மீட்டர் நீளம், முன்னால் இறங்கியது விலகுகிற வழியைத் தேடி அதில் பாதித் தூரமாவது உருண்டு போயிருக்கும். ஆக, பைலட் ஏறுவோம் என்று முடிவெடுத்த நொடியில் ரெண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் போல இருந்திருக்கிறது. நீங்கள் ஜன்னலில் அதைப் பார்த்தது அப்புறம்தான், உங்கள் விமானம் ஏறிக்கொண்டே அதைத் தாண்டிப் போகும்போது, அதற்குள் ஆயிரம் அடிக்கு மேல் ஏறியிருக்கும். மேலிருந்து பார்க்கும்போது நடுவில் மரமோ வீடோ எதுவும் இல்லாததால் கண்ணுக்குத் தூரமே தெரியாது, கையை நீட்டினால் தொடலாம் போலத்தான் இருக்கும்.

ஃபிளைட்ரேடார் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மஞ்சள் விமானப் பொம்மை வரைபடத்தின் அளவுக்குப் போட்டதல்ல. திரையை விரித்துப் பார்க்காவிட்டால் ஒரு பொம்மையே ஒரு ஊரை மூடிவிடும். அதைவிட முக்கியமாக, அது மேலிருந்து பார்க்கிற படம், உயரம் அதில் தெரியாது. பொம்மையைத் தொட்டால் பக்கத்தில் உயரம் எண்ணாக வரும். வீட்டுக்காரரை மறுபடி திறந்து ரெண்டின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்று தரையில் இருக்கும், மற்றது ஏறிக்கொண்டிருக்கும்.

அந்த அஞ்சு நிமிஷ மௌனம்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, அதனால் அந்த நேரத்தில் காக்பிட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ரெண்டு பைலட்டில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனிப்பார். ஓட்டுகிறவர் "கோ அரவுண்ட், ஃபிளாப்ஸ்" என்பார், அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போதே கை இன்ஜின் லீவரை முன்னால் தள்ளியிருக்கும். மூக்கு 15 டிகிரி போல மேலே போகும். மற்றவர் இறக்கைப் பட்டையை ஒரு படி உள்ளே இழுத்து, ஏறுகிறது என்று முள்ளைப் பார்த்து உறுதி செய்து சொல்வார், அப்புறம் சக்கரம் உள்ளே போகும். டவரிடம் ஒரு வரி சொல்வார்கள், டவர் உயரமும் திசையும் கொடுக்கும், அலைவரிசை மாற்றி இறங்க வருகிறவற்றை ரேடாரில் வரிசைப்படுத்தும் அப்ரோச்சிடம் மறுபடி வருவார்கள், அவர்கள் புதிதாக வரிசையில் ஒரு இடம் கொடுப்பார்கள், கம்ப்யூட்டரில் பாதையைத் திரும்பப் போட வேண்டும், செக்லிஸ்ட் படிக்க வேண்டும். பைலட்டுகளுக்குப் பயிற்சியின் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கும் வரிசை இதுதான்: முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் வழியைப் பார், அப்புறம் பேசு. பயணிகளிடம் பேசுவது அதற்கும் அப்புறம். அவர் உடனே மைக்கை எடுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இன்னொன்று, ஒவ்வொரு தடவை இறங்க ஆரம்பிக்கும் முன்பும், இறங்க முடியாமல் போனால் எந்த உயரத்துக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்று ரெண்டு பேரும் பேசிவைத்துவிட்டுத்தான் வருவார்கள். மாற்று விமான நிலையத்துக்குப் போக எரிபொருள், அதற்கு மேல் 30 நிமிஷம் சுற்ற எரிபொருள் என்று கணக்குப் பண்ணித்தான் புறப்படுவார்கள். உங்களுக்குத் திடீரென்று வந்தது, அவர்களுக்குத் திடீர் இல்லை.

சரி, ஓடுபாதை ஏன் காலியாகவில்லை? கிங் ஷாக்காவில் ஒரே ஓடுபாதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப்டவுனிலிருந்தும் வரிசையாக வரும், நடுநடுவே புறப்பட வேண்டியவையும் காத்து நிற்கும். இறங்க வருகிறவற்றுக்கு நடுவே ரேடாரில் குறைந்தது 3 கடல் மைல் விடுவோம், முன்னால் போவது பெரிய விமானமாக இருந்தால் அதன் இறக்கை கிளப்பும் காற்றுச் சுழலுக்காக 5 மைல் வரைகூட விடுவோம். இறங்கும் வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர், அந்த வேகத்தில் 3 மைல் என்பது 77 நொடி. அந்த 77 நொடிக்குள் முன்னால் இறங்கியது பிரேக் பிடித்து, வேகம் குறைந்து, பக்கவழியில் திரும்பி, வால் முழுசாக வெளியே வர வேண்டும். அது ஒரு வழியைத் தவறவிட்டு அடுத்ததற்குப் போனால் இருபது நொடி கூடுதலாக ஆகும், ஒரு கோ-அரவுண்டுக்கு அது போதும். பின்னால் வருவது ஓடுபாதை விளிம்பைத் தாண்டும் முன் முன்னால் போனது வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. "எப்படியும் விலகிவிடும்" என்று நம்பி இறங்கிவிடுவது விதி இல்லை.

(பிப்ரவரி சாயங்காலம் என்றதும் எனக்கு முதலில் குருவிகள்தான் ஞாபகம் வந்தது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லண்ட் நாணல் சதுப்பில் கோடைக்காலத்தில் லட்சக்கணக்கான தகைவிலான் குருவிகள் இருட்டுகிற நேரத்தில் வந்து அடைந்த காலம் உண்டு. அவை எந்த உயரத்தில் கூடுகின்றன என்று பார்க்கவே அங்கே தனி ரேடார் வைத்தார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒரு விமானம் சுற்றிக் காத்திருந்தாலும் பயப்படாதீர்கள், பையனுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவான்.)

இவ்வளவும் சொன்னதால், மோதல் நெருங்கிய சம்பவங்களே கிடையாது என்று நான் மழுப்புவதாக நினைத்துவிடாதீர்கள். உண்டு. ஆனால் அவற்றில் பல, பயணிக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால், வேறொரு ஊரில், அதன் பேர் வேண்டாம்.

நான் தனியாக அப்ரோச் பார்க்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வடக்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து ஒன்று, ரெண்டையும் ஒரே வரிசையில் சேர்க்க வேண்டும். திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் பேர், உயரம், வேகம் இருக்கும். கிழக்கிலிருந்து வந்ததற்கு மேலே பலமான பின்காற்று, வேகம் நான் நினைத்ததைவிட முப்பது நாட் அதிகம், எண் கண்ணெதிரில்தான் இருக்கிறது, ஆனால் நான் அதைப் பார்க்காமல் என் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவெளி 6 மைல், 5, 4. அந்த இடத்திலேயே ஒன்றைத் திருப்பி வரிசையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. காரணம் வெட்கம். ஒன்றை வெளியே எடுத்தால் பின்னால் நிற்கிற சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ, விமானம் பத்து நிமிஷம் லேட்டாகுமே என்று பத்துப் பதினைந்து நொடி தயங்கினேன். ரெண்டு எழுத்துக் கட்டமும் சிவப்பாக மின்ன ஆரம்பித்தபோது இடைவெளி 2 மைல் சொச்சம், உயர வித்தியாசம் 600 அடி. ஒன்றை இடது பக்கம் திருப்பி மேலே ஏற்றினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த விமானத்தில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கொஞ்சம் சாய்ந்து திரும்பியது, அவ்வளவுதான். யாரும் அலறவில்லை, யாரும் குரூப்பில் எழுதவில்லை. விதிப்படி 3 மைலோ 1,000 அடியோ, ரெண்டில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும், ரெண்டுமே இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். உங்கள் கோ-அரவுண்டையும் என்னுடைய அந்தச் சாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆபத்துக்குக் கிட்டப் போனது என்னுடையதுதான்.

விமானங்களிலேயே ஒரு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, டிகாஸ் என்பார்கள். ரெண்டு விமானங்களின் கருவியும் ஒன்றோடொன்று பேசி, ஒன்றை ஏறு என்றும் மற்றதை இறங்கு என்றும் சொல்லும். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரிக்கு மேலே, ஏறிக்கொண்டிருந்த சவுதி ஜம்போவும் டெல்லியில் இறங்க வந்த கஜக் விமானமும் மோதி 349 பேர் போனார்கள். நம் ஆட்கள் பலருக்கு இன்னும் அது மறக்கவில்லை, அதற்கப்புறம்தான் இந்தியா அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே, ரஷ்ய விமானம் ஒன்றிடம் கருவி ஏறு என்றது, தரையிலிருந்து கன்ட்ரோலர் இறங்கு என்றார், அது கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டு இறங்கியது, தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்த சரக்கு விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தார்கள். இப்போது நாங்கள் என்ன சொன்னாலும் பைலட் கருவி சொல்வதைத்தான் செய்ய வேண்டும், நாங்கள் குறுக்கே பேசக் கூடாது.

ஆனால் தரைக்கு மேல் சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் இந்தக் கருவி ஏறு, இறங்கு என்று உத்தரவு கொடுக்காது. தரைக்கு அவ்வளவு பக்கத்தில் அது கொடுக்கிற உத்தரவே ஆபத்தாகிவிடும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆக, கடைசி மூன்று மைலில் இருப்பது டவரில் இருப்பவரின் கண், பைலட்டின் கண், அப்புறம் கோ-அரவுண்ட். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் ஆற்றுக்கு மேலே சுமார் 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தது இந்தக் கடைசித் தூரத்தில்தான். அந்த விசாரணையில் வந்த ஒரு எண் என்னைத் தூங்கவிடவில்லை. 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அந்த ஒரு விமான நிலையத்தைச் சுற்றி, விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்குள்ளும் 400 அடி உயர வித்தியாசத்துக்குள்ளும் வந்தது 15,214 தடவை. அதில் 85 தடவை பக்கவாட்டில் 1,500 அடிக்குள், உயரத்தில் 200 அடிக்குள். எல்லாமே பதிவாகிக் கிடந்தது. சரியான நேரத்தில் யாராவது கூட்டிப் பார்த்து ஹெலிகாப்டர் பாதையை மாற்றியிருந்தால் அந்த 67 பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

கோ-அரவுண்ட் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2017 ஜூலை 7, சான் பிரான்சிஸ்கோ, நள்ளிரவு நெருங்குகிற நேரம். பக்கத்து ஓடுபாதை மூடி, விளக்கெல்லாம் அணைந்திருந்தது. ஏர் கனடா விமானம் ஒன்று ஓடுபாதை என்று நினைத்து, நாலு விமானங்கள் வரிசையாக நின்ற டாக்ஸிவேயை, அதாவது ஓடுபாதைக்கு உருண்டு போகிற பக்கவழியை, நோக்கி இறங்கியது. கீழே நின்ற பைலட் ஒருவர் ரேடியோவில் சத்தம் போட்டார், மேலே இருந்தவர்களுக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது, சுமார் 60 அடி உயரத்திலிருந்து ஏறிவிட்டார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நூலிழை என்ற வார்த்தையை அதற்குச் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் சரியான நேரத்தில் தகவல் போகாததால், அந்த விமானம் மறுநாள் வழக்கம்போலப் பறந்து, காக்பிட் பேச்சுப் பதிவு அழிந்துபோய்விட்டது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி நடந்தால், விமானத்தில் யாராவது பைலட்டைத் திட்டினால், நீங்கள் சும்மா இருக்காதீர்கள். இறங்கி வெளியே போகும்போது கேப்டன் வாசலில் நின்றால் நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு கோ-அரவுண்டுக்கு எரிபொருள் செலவு, கால தாமதம், பயணிகள் புகார் எல்லாம் சேர்ந்து வரும். அந்தச் சுமையைப் பைலட் மனசில் ஏற்றினால், ஒருநாள் நான் தயங்கின மாதிரி அவரும் தயங்குவார். உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் விமான எண், தேதி, நேரம் போட்டு அந்தக் கம்பெனிக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுதிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. விசாரிக்க வேண்டிய விஷயம் என்று பட்டால் இங்குள்ள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் எழுதலாம்.

இப்போது கார் விஷயம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு என்-3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், பாதி வழி லாரிகளுக்கு நடுவே. ஈஸ்டர் வியாழக்கிழமை மூயி ரிவர் டோலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும், வான் ரீனன் மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். அங்கே நூலிழையில் தப்புவது தினமும் நடக்கிறது, ஆனால் யாரும் அறிக்கை எழுதுவதில்லை. வயசான அம்மாவையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, விமானத்துக்குப் பயந்து அந்தச் சாலைக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு காரணத்துக்காகக் காரில்தான் போக வேண்டும் என்றால் விடியற்காலையில் கிளம்பி, மலைப்பாதையைப் பகலில் தாண்டுங்கள், இருட்டில் வேண்டாம்.

அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், "தரை வரைக்கும் போய்விட்டு ஒருவேளை மறுபடி மேலே போகும், சத்தம் பெரிசாக இருக்கும், பத்துப் பதினைஞ்சு நிமிஷத்தில் இறங்கிவிடும்" என்று. முன்கூட்டியே கேட்டிருந்தால் பாதிப் பயம் போய்விடும். விமானம் முழுசாக நின்று விளக்கு அணையும் வரை பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், பையனுடையது இடுப்பில் நன்றாக இறுக்கியிருக்கட்டும். அவன் கேட்கிற கேள்விக்கு "இடிக்காது, தூங்கு" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், இறங்குகிற பாதை தெரியும் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இருட்டத் தொடங்கும்போது தூரத்தில் விளக்குகள் மணிகோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கையில் போனைக் கொடுத்து, ஒன்று தலைக்கு மேலே போனதும் எண்ண ஆரம்பித்து அடுத்தது வரும் வரை நொடி எண்ணச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேலேதான் வரும். ஏதாவது ஒன்று இறங்காமல் ஏறிப் போனால் அவனையே ஏன் என்று கேளுங்கள், என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.